ஊருக்கெல்லாம் ஓடும் சமுதாயமே! உன் வீட்டில் ஒரு டார்ச் லைட் உண்டா?



உங்களிடம் சில கேள்விகள். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்திற்கு அல்ல, மூன்று நாளைக்கு. மோட்டார் ஓடாது. செல்போன் டவர் செத்துவிட்டது. ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது. இப்போது சொல்லுங்கள். உங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் எத்தனை குடம் இருக்கிறது? டார்ச் லைட் எங்கே இருக்கிறது? அதில் பேட்டரி இருக்கிறதா? உங்கள் தாயாரின் பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? கேஸ் கசிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் மனைவிக்குத் தெரியுமா? அது இருக்கட்டும், உங்களுக்குத் தெரியுமா?

பத்து வீட்டில் ஒன்பது வீட்டின் பதில் மௌனம்தான். இந்த வெட்கக்கேட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

யார் நாம்?

2004 டிசம்பர் 26. சுனாமி வந்தது. தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ 8 ஆயிரம் உயிர்கள் போயின. நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கு மேல். அன்று சாதி மதம் பார்க்காமல் பிணங்களைத் தூக்கி அடக்கம் செய்தவர்களில் நம் இளைஞர்கள் முன்வரிசையில் நின்றார்கள். பரங்கிப்பேட்டை ஜமாஅத் மீனவச் சகோதரர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்ததை நாடே பாராட்டியது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்கள் கதவைத் திறந்தன. 2020, 2021 கொரோனா நாட்களில் பெற்ற பிள்ளைகளே தொடப் பயந்த உடல்களை நம் பிள்ளைகள் சுமந்தார்கள்.

பெருமைதான். மறுக்கவில்லை. ஆனால் சகோதரர்களே, ஊரான் வீட்டுக்கு முதல் ஆளாக ஓடும் நாம், நம் வீட்டுக்கு என்ன செய்து வைத்திருக்கிறோம்? ஆபத்து வந்த பின்னால் ஓடுவது வீரம். வருமுன் ஏற்பாடு செய்வது பொறுப்பு. நம்மிடம் முதலாவது ஏராளமாக இருக்கிறது. இரண்டாவது அறவே இல்லை.

கஜா கற்றுத் தந்த பாடம்

2018 நவம்பர் 16. வெள்ளிக்கிழமை. நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் அருகே கஜா கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று தென்னையையும் மின்கம்பங்களையும் முறித்துப் போட்டுக்கொண்டு உள்நாடு முழுக்க நடந்தது. தமிழகத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. "காரைக்குடியில் கடலா இருக்கிறது? ஆறா இருக்கிறது? நமக்கு என்ன வரும்?" என்று கேட்ட நம் ஊரும் அன்று விடியும்போது விழுந்த மரங்களைப் பார்த்துத் திகைத்து நின்றது.

என் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். மறுநாளே நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டோம். புதுக்கோட்டைப் பக்கம் கொண்டுபோக அரிசி மூட்டை, போர்வை, பிஸ்கட், மெழுகுவர்த்தி எல்லாம் வேனில் ஏற்றினோம். வேன் நின்ற இடத்திலிருந்து நாலாவது வீட்டில் ஒரு பெரியம்மா. மகன் மலேசியாவில் சபர். மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். தனியாக இருந்தார். முதல் நாள் இரவே டேங்கை நிரப்பி வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. போனில் சார்ஜ் இல்லை. ஃபிரிட்ஜ் நின்றதால் ஊசி மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்து, சுகருக்குப் போடும் இன்சுலினை இரண்டு நாளாகப் போடாமலே இருந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் அவரை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். இறைவன் அருளால் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று தலைகுனிந்த நான் இன்றுவரை நிமிரவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்குப் போர்வை ஏற்றிய எங்களில் ஒருவன்கூட நாலாவது வீட்டுக் கதவைத் தட்டவில்லையே!

இதில் இன்னொரு வேதனை. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின், கடுமையான சூடு படாத இடத்தில் வைத்தால் பொதுவாக ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது. பாட்டிலோடு வரும் சீட்டில் அதன் கணக்கு அச்சடித்தே இருக்கும். மண்பானையில் ஈரத்துணி சுற்றி, அதற்குள் தண்ணீர் படாத டப்பாவில் வைத்தால் போதும். காசு செலவில்லாத இந்த ஓர் அறிவு இல்லாததால் ஓர் உயிர் போக இருந்தது. இதைக் காலத்தின் மீது பழிபோட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாமா?

நெருப்பு யாருக்குக் காத்திருந்தது?

புயலை விடுங்கள். அது தேதி சொல்லிவிட்டு வரும். நெருப்பு சொல்லாமல் வரும்.

2001 ஆகஸ்ட் 6. நம் பக்கத்து மாவட்டத்து ஏர்வாடி. விடியற்காலையில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக்கொட்டகை பற்றி எரிந்தது. 28 பேர் கருகினார்கள். ஏன் ஓடவில்லை? சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள்!

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் கீற்றுப் பந்தல். மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16. கும்பகோணம் பள்ளிக்கூடம். 94 பிஞ்சுகள். சமையல் கூரையில் பிடித்த தீ. தப்பி இறங்க வழி போதவில்லை.

மூன்றிலும் கொன்றது நெருப்பு மட்டுமா? வெளியேற வழியில்லாத அமைப்பும்தானே?

இப்போது நம் வியாபாரிகளிடம் கேட்கிறேன். செக்காலை ரோட்டிலும் கல்லுக்கட்டியிலும் கடை வைத்திருப்பவர்களே, புதுவயல் ரைஸ் மில்காரர்களே, பழைய மரச்சாமான் வியாபாரிகளே, சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் டீக்கடையும் பிரியாணிக் கடையும் மளிகையும் நடத்தும் நம் ஊர்க்காரர்களே! உங்கள் கடையில் இரவு தங்கும் பையன்கள் எங்கே படுக்கிறார்கள்? மாடியில் சரக்குக்கு நடுவேதானே? ஷட்டரை எந்தப் பக்கம் பூட்டுகிறீர்கள்? வெளிப்பக்கம்! சாவி யார் கையில்? உங்கள் கையில், உங்கள் வீட்டில்!

ஏர்வாடியில் சங்கிலி போட்டவனைத் திட்டுகிறோம். வெளியிலிருந்து பூட்டிய ஷட்டர் சங்கிலி இல்லாமல் வேறென்ன? அந்தப் பையனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே? திருட்டுக்குப் பயந்து பூட்டுகிறீர்கள். சரக்கு போனால் மீண்டும் வாங்கலாம். அவன் போனால் எந்தச் சந்தையில் வாங்குவீர்கள்?

உள்ளேயிருந்து திறக்கும்படி ஒரு வழி வையுங்கள். மாற்றுச் சாவி உள்ளே தொங்கட்டும். படிக்கட்டில் அடுக்கியிருக்கும் மூட்டையை இன்றே எடுங்கள். மீட்டர் பெட்டிக்கு முன்னால் துணி பேல் அடுக்காதீர்கள். கசிவு மின்சாரத்தைத் தானாக அறுக்கும் டிரிப் சுவிட்சை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போடுங்கள். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று வாங்கி வாசலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அதன் முள் பச்சைக் கட்டத்தில் இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். ஜெனரேட்டரைக் கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ ஓட்டாதீர்கள். அதன் புகை தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

முன்னோர் கட்டிய வீட்டைப் பாருங்கள்!

நாம் வாழும் இந்தச் செட்டிநாட்டு மண்ணைச் சுற்றிப் பாருங்கள். நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளில் எத்தனையோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். எந்த மூலையில் தீ பிடித்தாலும் மறுபக்கம் ஓடலாம். ஓட்டுக் கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் இறங்கும். வீட்டுக்கு வீடு கிணறு. ஊருக்கு ஊர் ஊரணி. மழை குறைந்த வறண்ட பூமியில் வாழ்கிறோம் என்ற அறிவோடு, வராத நாளுக்காகக் கட்டியிருக்கிறார்கள்.

நாம் என்ன செய்தோம்? அதே வீடுகளைப் பாகம் பிரித்தோம். நடுவில் சுவர் எழுப்பினோம். பின்வாசலை அடைத்தோம். புதிதாகக் கட்டுகிற வீட்டில் மார்பிள் போட்டோம். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கிரில் அடித்தோம். மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தொலைத்தோம். கிணற்றைக் குப்பையால் மூடினோம். மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அரசு 2003-இல் சட்டம் போட்டபோது, பிளான் பாஸ் ஆவதற்காக ஒரு குழாயைச் சுவரில் ஒட்டவைத்துக் காட்டினோம். சட்டத்தை ஏமாற்றினோமா, நம்மை ஏமாற்றிக்கொண்டோமா?

விதியின் மீது பழி போடாதே!

இதையெல்லாம் சொன்னால் சிலர் உடனே வானத்தைக் காட்டுவார்கள். "நடப்பது நடக்கும் பாய். நம் கையில் என்ன இருக்கிறது?" என்பார்கள். கல்லாப் பெட்டிக்கு மட்டும் இரண்டு பூட்டுப் போடுவார்கள்! அங்கே ஏன் விதி வரவில்லை?

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு வந்த கிராமத்து அரபிக்கு நபிகள் நாயகம் (ஸல்) என்ன சொன்னார்கள் என்பது மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். யூசுப் நபி (அலை) அவர்கள் எகிப்தின் ஏழு செழிப்பான ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொல்லி, அடுத்து வந்த ஏழு பஞ்ச ஆண்டுகளைச் சமாளித்த வரலாறு தெரியாதவர் யார்? தெரிந்ததைச் செய்யாமல் இருப்பதற்குப் பெயர் இறைநம்பிக்கை அல்ல, சோம்பல்.

இன்னும் சிலர் அரசைக் காட்டுவார்கள். அரசு வரத்தான் வேண்டும். வராவிட்டால் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் வரும்வரை? முதல் ஒரு மணி நேரம் நீங்கள் தனி. முதல் ஒரு நாள் உங்கள் தெரு தனி. ஆயிரம் ஊர்கள் ஒரே இரவில் அழிந்தால் எந்த அரசின் வண்டியும் உங்கள் வாசலுக்கு முதலில் வராது.

காகிதம் இல்லாதவன் கதி

வியாபாரம் செய்யும் சமுதாயத்துக்கு இன்னொரு பேரிடர் உண்டு. அது காகிதம் போய்விடுவது.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. மொகல் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த செட்டிநாட்டார், கடை வைத்திருந்த நம்மவர்கள் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் அகப்பட்ட வழியில் நாடு திரும்பினார்கள். நடந்தே காட்டைக் கடந்தவர்கள் ஏராளம். வழியில் விழுந்தவர்களும் ஏராளம். 1964-இல் பர்மாவில் கடைகள் தேசியமயமானபோது மீண்டும் ஒரு தலைமுறை வெறுங்கையோடு கப்பல் ஏறியது. காரைக்குடிப் பக்கத்தில் பர்மாக் கதை இல்லாத குடும்பம் குறைவு.

1990 ஆகஸ்ட் 2. ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அம்மான் வழியாக விமானத்தில் மீட்கப்பட்டார்கள். பிறகு ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் வந்தது. குவைத்திலிருந்து வெளியேறியதற்கு ஓர் எளிய ஆதாரம் காட்டியவனுக்குக் குறிப்பிட்ட தொகை கிடைக்க வழி இருந்தது. அதற்கு மேல் இழந்தவன் அதற்கேற்ற ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தவன் கேட்க முடிந்தது. பெட்டியோடு விட்டு வந்தவன் எதைக் காட்டுவான்?

2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு நாடே மூடப்படும் என்றார்கள். கிடைத்த அவகாசம் நான்கு மணி நேரம். நம் வாழ்க்கை நான்கு மணி நேரத்தில் புரட்டிப்போடப்படும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்போர்ட், பத்திரம், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், பள்ளிவாசல் நிக்காஹ் பதிவின் நகல், மருத்துவச் சீட்டு எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல் எடுங்கள். ஒரு செட் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கையில் தூக்கி ஓடும் ஒரு பையில் இருக்கட்டும். இன்னொரு செட் வெளியூரில் இருக்கும் மச்சான் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ இருக்கட்டும். போனில் படம் எடுத்தும் வையுங்கள். ஆனால் போனை மட்டும் நம்பாதீர்கள். கடையின் ஜி.எஸ்.டி. பில்லும் ஸ்டாக் கணக்கும் கொடுக்கல் வாங்கல் நோட்டும் கடையோடு எரிந்தால், யார் உங்களுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று யாரிடம் கேட்பீர்கள்? மாதம் ஒரு முறை நகல் வீட்டுக்குப் போகட்டும். இன்ஷூரன்ஸ் கூடுமா கூடாதா என்ற விவாதம் ஆலிம்களிடம் இருக்கட்டும். கணக்கின் நகலை வேறிடத்தில் வைப்பதில் என்ன விவாதம்?

வீட்டுப் பெண்களை இருட்டில் வைக்காதே!

சகோதரா! நீ சிங்கப்பூரில் இருக்கிறாய். மலேசியாவில் இருக்கிறாய். துபாயில் இருக்கிறாய். உள்ளூரில் இருந்தாலும் காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை கடையில் இருக்கிறாய். ஆபத்து வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது யார்? உன் தாய். உன் மனைவி. உன் பிள்ளைகள்.

அவர்களுக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டினாயா? பத்திரம் எந்தப் பெட்டியில் என்று சொன்னாயா? கையில் அவசரப் பணம் கொஞ்சம், சில்லறை நோட்டாகக் கொடுத்து வைத்தாயா? "பொம்பளைக்கு எதுக்கு?" என்று எல்லாவற்றையும் உன் தலைக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டு, அங்கிருந்து போன் போட்டு "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று பதறினால் அணையுமா தீ? பிறந்தநாள் கேக்குக்கும் வலிமாவில் ஒரு தேக்சா அதிகப் பிரியாணிக்கும் செலவழிக்கத் தெரிந்த நமக்கு, வீட்டுப் பெண்ணுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க நேரமில்லையா?

இவற்றையாவது வீட்டில் ஒவ்வொருவரும் அறிந்திருக்கட்டும்:

கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். தரையில் படுத்துக் கிடக்கும். ஒரு பொறி போதும். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு ஜன்னலைத் திறங்கள். பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். பிறகு வெளியில் நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள். ரப்பர் டியூபை அதில் அச்சடித்த காலக்கெடு தாண்டி வைத்திருக்காதீர்கள். பதிவு செய்த வாடிக்கையாளர் வீட்டில் நடக்கும் கேஸ் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீடு உண்டு. அதற்கு நீங்கள் தனியாகப் பணம் கட்டுவதில்லை. விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். இது தெரியாமலே இழப்பைத் தாங்கிக்கொள்ளாதீர்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் சட்டியை மூடுங்கள். உடம்பில் தீ பிடித்தால் ஓடாதீர்கள். தரையில் உருளுங்கள். கனத்த போர்வையைச் சுற்றுங்கள். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரைக் காட்டுங்கள். இங்க், பேஸ்ட், தோசைமாவு எதுவும் வேண்டாம்.

இடிச்சத்தம் கேட்டால் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். மரத்தடி வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் காத்திருங்கள். நம் மானாவாரிக் காடுகளில் மின்னலுக்குப் பலியாகிறவர்களில் ஆடு மேய்க்கிறவர்களும் வயலில் நிற்கிறவர்களும்தான் அதிகம்.

பதினைந்து நாள்தான் கெடு!

"எங்கே தொடங்குவது? இதற்கு லட்சம் லட்சமாக வேண்டுமே?" என்று மலைக்காதீர்கள். இந்த இதழுக்கும் அடுத்த இதழுக்கும் நடுவே பதினைந்து நாள் இருக்கிறது. அது போதும்.

இன்று இரவே: தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர். மூன்று நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர். அதாவது ஆளுக்கு ஒரு குடம்! ஆறு பேர் வீட்டில் ஆறு குடம். மூடி போட்டு வையுங்கள். சில நாளுக்கொரு முறை மாற்றுங்கள். பழைய தண்ணீர் செடிக்குப் போகட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் டேங்கும் அண்டாவும் அன்றே நிறையட்டும். சந்தேகமான தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டே குடியுங்கள்.

முதல் வாரம்: ஒரு பை. அதில் டார்ச் ஒன்று, தனி பேட்டரி, பவர் பேங்க், பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ, தீப்பெட்டி, கத்தரிக்கோல், துணிக்கட்டு, ஒரு வாரத்துக்கான பிரஷர், சுகர் மாத்திரை, டாக்டர் சீட்டின் நகல், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், கொஞ்சம் ரொக்கம், ஆவண நகல்கள். கைக்குழந்தை இருந்தால் அதற்கு உரியது. சமைக்காமல் சாப்பிட அவல், பொரிகடலை, பேரீச்சம்பழம், பிஸ்கட். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அந்தக் கரைசல் எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது.

அதே வாரம்: ஒரு அட்டை. கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். எல்லா அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 108. தீயணைப்பு 101. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077. கேஸ் 1906. கரண்ட் கம்பி அறுந்து கிடந்தால் 94987 94987. அதற்குக் கீழே பக்கத்து வீட்டார், எதிர் வீட்டார், பள்ளிவாசல் முஅத்தின், ஆட்டோ வைத்திருக்கும் தம்பி ஆகியோர் எண்கள். கடல் தாண்டி இருக்கும் கணவன் எண்ணைக் கடைசியில் எழுதுங்கள். அவரால் வாளி தூக்கி ஓடிவர முடியாது!

இரண்டாம் வாரம்: ஒரு ஒத்திகை. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மெயினை அணையுங்கள். பிள்ளைகளிடம் "தீ! எப்படி வெளியே போவாய்?" என்று கேளுங்கள். இரண்டு வழி சொல்லட்டும். புகை வந்தால் தவழ்ந்து வரட்டும். வெளியே எந்த மரத்தடியில், யார் வீட்டுத் திண்ணையில் எல்லோரும் சேர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். தலைகளை எண்ணுங்கள். கிரில்லில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி மாற்றுங்கள்.

இதற்கு ஆகும் மொத்தச் செலவு, ஒரு வலிமாவில் ஷாமியானாவுக்கும் சீரியல் லைட்டுக்கும் கொட்டுவதில் ஒரு மூலைக்கு வருமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! உங்களுக்கும் ஒரு வார்த்தை

மினாராவில் ஒலிபெருக்கி இருக்கிறது. அதைவிட வேகமான எச்சரிக்கைக் கருவி எந்த அரசிடம் இருக்கிறது? நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டா இருக்கிறது. ஜெனரேட்டர் இருக்கிறது. ஹவுளில் தண்ணீர் இருக்கிறது. ஆள் இருக்கிறது. இல்லாதது ஒரு பட்டியல்தான்!

மஹல்லாவில் தனியாக வாழும் முதியோர் யார் யார்? படுத்த படுக்கையாக இருப்பவர் யார்? ஊசி போடுபவர், டயாலிசிஸ் செய்பவர் யார்? நிறைமாதப் பெண் யார்? ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் இளைஞன் பெயரை எழுதுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் அவன் போய்க் கதவைத் தட்ட வேண்டும். தெருவில் மாற்று மதத்தார் வீடுகள் இருந்தால் அவர்கள் பெயரும் அதே நோட்டில் இருக்கட்டும். நெருப்புக்குத் தெரு தெரியும், மதம் தெரியாது.

தீயணைப்பு நிலையத்தாரை அழைத்தால் வந்து செய்து காட்டுவார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் அதே நாளில் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. அந்த வாரத்தில் பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு பயிற்சி வையுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். மார்பை அழுத்தி மூச்சை மீட்கும் முதலுதவியை இளைஞர்கள் கற்றுக்கொள்ளட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். இதைக் கையால் செய்து பார்த்தவனுக்குத்தான் வரும். வாட்ஸ்அப்பில் பார்த்தவனுக்கு வராது.

கேள்வி உன் வாசலில் நிற்கிறது!

இளைஞனே! அடுத்த வெள்ளம் வரும்போது நீ ஓடத்தான் போகிறாய். ஓடு. உன்னைத் தடுக்கவில்லை. ஆனால் வேனில் ஏறுமுன் ஒரு நிமிடம் திரும்பிப் பார். உன் வீட்டில் குடம் நிறைந்திருக்கிறதா? உன் தாயின் மருந்து இருக்கிறதா? நாலாவது வீட்டுக் கதவைத் தட்டினாயா?

வியாபாரியே! இன்று இரவு கடையை மூடுமுன் ஷட்டரின் பூட்டைப் பார். அது உன் சரக்கைக் காக்கிறதா, உள்ளே தூங்கும் பையனைச் சிறைவைக்கிறதா?

எங்கள் தெருப் பெரியம்மா இன்றும் என்னைக் கண்டால், "வாப்பா, அன்னைக்கு நீங்கதான் என்னைத் தூக்கிட்டுப் போனீங்க" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். தூக்கிக்கொண்டு போனதற்கு நன்றி சொல்கிறார். இரண்டு நாள் எட்டிப் பார்க்காமல் இருந்ததற்கு ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கேட்கவில்லை என்பதால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடாது.

அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் ஆளுக்கு ஒரு குடம், வீட்டுக்கு ஒரு பை, கதவுக்கு ஒரு அட்டை, தெருவுக்கு ஒரு நோட்டு. இந்த நான்கும் இல்லாத வீடு நம் மஹல்லாவில் இருக்கக்கூடாது. செய்து முடித்தவர்கள் எங்களுக்கு எழுத வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் போய்ச் சொல்லுங்கள்!